ஈடு வைத்த நகை மூழ்கினால் பொறுப்பு யாருக்கு?

1990இலும் பின்னர் 2007இலும் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்த எமது குடும்பங்கள் வயலையும் வளவையும் மாட்டையும் விட்டுவிட்டே வந்தன. கையோடு கொண்டுவர முடிந்தது கழுத்திலும் காதிலும் கிடந்த பவுண் மாத்திரமே. திரும்பிப் போய் வேளாண்மை தொடங்கியபோதும் அதுவே கைகொடுத்தது. உறுதி தொலைந்த காணியையோ அரச அனுமதிப்பத்திரக் காணியையோ வங்கிகள் இலகுவில் ஈடாக ஏற்பதில்லை. ஆகவே விதைப்புக்கு நகையை ஈடு வைப்பதும், சூடடித்து நெல் விற்றதும் மீட்பதும் எம்மத்தியில் வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் தவறானதல்ல. முன்பு போடியாரிடமோ வட்டிக்காரரிடமோ கைநீட்டியவர்களுக்கு இது ஒரு விடுதலையாகவும் இருந்தது. எனினும் நகையின் பெறுமதிக்கு மிக நெருங்கிய தொகையைக் கடனாகக் கொடுப்பதும் வாங்குவதும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை 2013ஆம் ஆண்டு எமக்குக் காட்டியது.

அன்று நடந்தது என்ன?

யுத்தம் முடிந்த 2009இற்குப் பின் வங்கிகள் நகை ஈட்டுக் கடனை வேகமாகப் பெருக்கின. உலகச் சந்தையில் பவுணின் விலை ஏறிக்கொண்டிருந்தது. 2011 செப்டெம்பரில் ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 1,900 அமெரிக்க டொலரைத் தொட்டது. அதே 2011இன் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் மட்டக்களப்பில் பெருவெள்ளம் வந்து, அறுவடைக்குக் காத்திருந்த வேளாண்மையை அழித்தது. நெல் இல்லாதவர் நகையை எவ்வாறு மீட்பது? விலை ஏறியிருந்தமையால் ஒரு வழி திறந்தது. பழைய கடனையும் வட்டியையும் புதிய கடனில் அடக்கி, அதே நகையை மீண்டும் கூடிய தொகைக்கு வைக்கலாம். கையில் சிறிது காசும் கிடைத்தது. ஆனால் கடன் குறையவில்லை, வளர்ந்தது.

2013 ஏப்ரலில் விலை திடீரெனச் சரிந்தது. அவ்வாண்டு முடிவில் ஓர் அவுன்ஸ் 1,200 டொலர் அளவுக்கு இறங்கியது. பலருடைய கடன் நகையின் விலையை விடப் பெரிதாகிவிட்டது. நாடெங்கும் மீட்கப்படாத நகைகள் குவிந்தன. இலங்கை வங்கித்துறையில் ஒழுங்காகத் திரும்பாத கடன்களின் பங்கு 2012 முடிவில் நூற்றுக்கு 3.7 ஆக இருந்து, 2013 முடிவில் 5.6 ஆகியது. அதற்கு முக்கிய காரணம் நகை ஈட்டுக் கடனே.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம்

ஒரு சோடிக் காப்பின் விலை 100,000 ரூபா என வைத்துக்கொள்வோம். வட்டி வருடத்துக்கு நூற்றுக்கு 18. ஒருவர் 60,000 ரூபா எடுக்கிறார். வருட முடிவில் வட்டி 10,800. மொத்தம் 70,800 ரூபா. பவுண் விலை நூற்றுக்கு 25 இறங்கினாலும் காப்பின் பெறுமதி 75,000. மீட்பது அவருக்கு இன்னும் நன்மையே.

இன்னொருவர் அதே காப்புக்கு 85,000 ரூபா எடுக்கிறார். வட்டி 15,300, மொத்தம் 100,300. விலை ஒரு சதமும் இறங்காவிட்டாலும் கடன் நகையைத் தாண்டிவிட்டது. விலை இறங்கினால் 75,000 ரூபாப் பொருளை மீட்க 100,300 ரூபா தேவை. அவருடைய நகை மூழ்கியது சோம்பலினால் அல்ல. கடன் எழுதப்பட்ட நாளிலேயே அதற்கான வழி திறந்திருந்தது.

பொறுப்பு யாருடையது?

"கேட்டுத்தானே வாங்கினீர்கள்?" என்பார் கடன் கொடுத்தவர். "தந்தபடியால்தானே வாங்கினோம்?" என்போம் நாம். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் ஒரே எடையுள்ளவை அல்ல.

தராசும் உரைகல்லும் கடன் கொடுப்பவரிடமே உள்ளன. உலக விலை எவ்வாறு ஏறி இறங்கியது என்பதை அறியக்கூடியவரும் அவரே. நூற்றுக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவரும் அவரே. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அளவுக்கு மீறிக் கொடுத்தவர், விலை இறங்கியதும் முழுப் பழியையும் விவசாயி மீது சுமத்துவது நீதியாகாது. நகையை மாத்திரம் பார்த்து, திருப்பிக் கொடுக்க விளைச்சல் உண்டா என்று கேளாமல் கொடுப்பது கடனுதவி ஆகாது. அது நகையை முன்கூட்டியே வாங்குவதற்கு ஒப்பானது.

மற்ற நாடுகளும் இதை உணர்ந்தன. இந்தியாவில் வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் நகையின் பெறுமதியில் நூற்றுக்கு 60இற்கு மேல் கொடுக்கக் கூடாதென ரிசர்வ் வங்கி 2012இல் கட்டளையிட்டது. 2014இல் அதை 75 ஆக்கியது. அமெரிக்காவில் வீட்டு விலை சரிந்து 2008இல் பெரும் நெருக்கடி ஏற்பட்டபின், வாங்குபவரால் திருப்பிக் கட்ட முடியுமா எனச் சோதிக்கும் கடமையை 2010ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டுக் கடன் கொடுப்பவர் மீதே வைத்தது. இலங்கையிலோ 2014இல் மத்திய வங்கி, நகைப் பெறுமதியில் நூற்றுக்கு 80 வரை வங்கிகள் கடன் கொடுப்பதற்கு உத்தரவாதத் திட்டமொன்றைக் கொண்டுவந்தது. அந்தக் குடை பிடிக்கப்பட்டது கடன் கொடுத்தவருக்கே.

எனினும் எமது பங்கை நாம் மறைக்கலாகாது. பசளைக்கென எடுத்த காசைச் சடங்குக்குச் செலவழித்தது, தேவை 40,000 ஆக இருக்கக் கிடைக்கிறதே என 80,000 எடுத்தது, அயலவரின் நகையை இரவல் வாங்கி வைத்தது, கிழமைக் கடனைக் கட்டத் தாலிக்கொடியை ஈடு வைத்தது ஆகியன எம்மவர் மத்தியிலும் நடந்தவையே.

இனி நாம் செய்யக்கூடியவை

1. தேவையான தொகையை வீட்டிலேயே கணக்கிட்டுச் செல்லுங்கள். பெறுமதியில் பாதிக்குச் சற்று மேலாக நிறுத்திக்கொள்வது நல்லது.

2. கடன் முடியும் திகதியை அறுவடைக்குப் பின் வரும்படி கேளுங்கள்.

3. மீண்டும் வைக்க நேர்ந்தால் வட்டியையாவது கட்டிவிட்டு வையுங்கள். கடனை வளர விடாதீர்கள்.

4. விலை இறங்கினால் மேலதிகமாகக் கட்டவேண்டுமா, ஏல அறிவித்தல் எந்த முகவரிக்கு வரும் என்பவற்றைக் கையொப்பமிடும் முன் கேளுங்கள். இடம்பெயர்ந்தவர்கள் முகவரி மாறியதை உடனே எழுத்தில் அறிவியுங்கள்.

5. ஏலத்தில் கடனுக்கும் வட்டிக்கும் செலவுக்கும் மேலாகக் கிடைத்த பணம் உங்களுடையது. கேட்டுப் பெறுங்கள். முறைப்பாடு இருந்தால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

2025 ஒக்டோபரில் பவுண் விலை அவுன்சுக்கு 4,000 டொலரைத் தாண்டியது. விலை ஏறும் காலமே கூடுதலாகக் கொடுக்கவும் வாங்கவும் மனம் தூண்டப்படும் காலம். 2011இல் கிடைத்த கூடுதல் காசுக்கு 2013இல் நாம் கொடுத்த விலையை எமது பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம். இடம்பெயர்ந்த நாளில் கழுத்தில் கிடந்து எம்மைக் காப்பாற்றிய பவுண், அடுத்த இடரிலும் எமது கையில் இருக்கவேண்டும்.