மலிவு விலையும் மறைந்த விலையும்

கும்பகோணத்தில் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற என்னிடம், சென்ற மாதம் பழைய மாணவர் ஒருவர் ஆலோசனை கேட்டு வந்தார். ஃபிளெக்ஸ் அச்சகம் தொடங்குவதற்காக, ஒருவர் பயன்படுத்திய அகல பிரிண்டர் ஒன்றுக்கு அவர் விலை பேசியிருந்தார். நீர் மைக்காகத் தயாரிக்கப்பட்ட அந்த இயந்திரம், பின்னர் சால்வென்ட் மைக்கு மாற்றப்பட்டது. “புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் சார்” என்றார். அந்தப் பணமும் தாயாரின் நகைகளை அடகு வைத்துத்தான் வர வேண்டும். 2028 மகாமகத்துக்குள் கடனை அடைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

மை ஏன் மாற்றப்படுகிறது? நீர் மை, அதற்கெனப் பூச்சிடப்பட்ட தாளில்தான் நன்கு பதியும், ஃபிளெக்ஸில் ஒட்டாது. சால்வென்ட் மையோ பிவிசி பரப்பைச் சற்றே இளக்கி, நிறத்தை அதில் பதித்துவிடுகிறது, மழைக்கும் தாங்கும். பீசோ வகை அச்சுத்தலை மையைச் சூடாக்கித் தெளிப்பதில்லை. அதனால் அத்தகைய இயந்திரங்களில் இந்த மாற்றம் சாத்தியமாகிறது.

சிக்கல் மற்ற பாகங்களில் இருக்கிறது. நீர் மைக்கென அமைந்த குழாய்களும் ரப்பர் வளையங்களும் சால்வென்ட்டில் ஊறி உப்பக்கூடும். இடுக்குகளில் காற்றுப் புகுந்தால் அச்சில் கோடு விழும். பழைய மையின் எச்சம் புதிய மையோடு கலந்தால் திரண்டு நுண்துளைகளை அடைக்கும். அச்சுத்தலையை மாற்ற நேர்ந்தாலோ, மிச்சப்படுத்திய தொகையில் பெரும்பகுதி கரைந்துவிடும். தயாரிப்பாளரின் உத்தரவாதத்தையும் எதிர்பார்க்க முடியாது.

இந்தக் குறைகளை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியது இதைத்தான். தரம் தெரியாத வாங்குபவர் சராசரி விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல பொருளை வைத்திருப்பவர் விற்கமாட்டார். நாளடைவில் சந்தையில் மோசமானவையே மிஞ்சும். இந்த ஆய்வுக்காக அவர் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவே, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதில் பயனில்லை என்றேன். மாறாக, இரண்டைக் கேட்கச் சொன்னேன். முதலாவது சோதனை: முழு அகலத்துக்கு ஒரு மணி நேரம் அடர்நிறம் அச்சிட வேண்டும், இரவு முழுவதும் இயந்திரத்தை நிறுத்திவைத்து, காலையில் நுண்துளைச் சோதனைத் தாள் எடுக்க வேண்டும். காற்றுக் கசிவும் அடைப்பும் ஓய்வுக்குப் பின்பே வெளிப்படும். இரண்டாவது ஒப்பந்தம்: விலையில் மூன்றில் ஒரு பங்கை இரண்டு மாதம் கழித்துத் தருவது. தன் இயந்திரத்தை நம்புபவர் இந்த இடரைப் பகிர்ந்துகொள்வார்.

மகாமகக் கணக்கையும் திருத்தச் சொன்னேன். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழா ஒரு தொழிலுக்கு அடித்தளமாகாது. அச்சுத்தலை நாள்தோறும் ஓடினால்தான் உலராமல் இருக்கும். எனவே அன்றாட வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2022 ஜூலை 1 முதல் 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர்களுக்கு நாடெங்கும் தடை உள்ளது. சால்வென்ட் ஆவி வெளியேறக் காற்றோட்டமான இடமும் வேண்டும்; அதற்கான வாடகையும் முதலீட்டுக் கணக்கில் சேரும்.

சோதனைக்கு விற்பவர் உடன்பட்டார். பாக்கி வைக்க உடன்படவில்லை. நகைகள் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் ஆலோசனை கேட்க ஓர் ஆசிரியர் வாய்ப்பதில்லை. பழைய இயந்திரங்களைச் சிறு கட்டணத்தில் பரிசோதித்துச் சான்றளிக்கும் பணியை மாவட்டத் தொழில் மையங்கள் ஏற்கலாம். சிறுதொழிலில் இறங்கும் இளைஞர்களுக்குக் கடனைப் போலவே நம்பகமான தகவலும் ஒரு மூலதனம்தான்.