மணலுக்குள் அமிழ்ந்த கல்

குருசுக்குப்பத்துத் தோழர்களுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1980-களில் புதுவைத் துறைமுகத்துக்கென்று கடலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கிற்று; வடக்கே இருந்த கரை கரைந்தது. கரையைக் காக்கக் கல் கொட்டினார்கள். கொட்டிய கல்லை மணல் விழுங்கிற்று. மீண்டும் கொட்டினார்கள். வாயிற்படியில் நின்று இந்தக் காட்சியைக் கண்டவர்கள் நீங்கள்!

ஆகவேதான், ஒருநாள் விடுமுறையில் எங்கே போகலாம் என்று குப்பத்துத் தோழர்கள் கேட்டபோது, கல்லணைக்குப் போவோம் என்றேன். "கடலோரத்துக்காரனுக்கு ஆற்று அணை எதற்கு அண்ணே?" என்றார் ஓர் இளைஞர். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

விடியுமுன் புறப்பட்டு, விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் கடந்து திருச்சி. அங்கே சத்திரம் பேருந்து நிலையத்தில் வேறு வண்டி ஏறினால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். உச்சி வெயிலுக்கு முன்னே அணையில் நிற்கலாம். ஆற்று மீன் வறுத்து விற்கிறார்கள். கடல் மீன் தின்று வளர்ந்த நம் தோழர்கள் அதற்கு வழங்கிய தீர்ப்பை இங்கே எழுதாமல் விடுகிறேன்!

யானைமீது அமர்ந்த கரிகாலன் சிலையையும், பாலத்தையும், வரிசையாக நிற்கும் மதகுகளையும் பார்த்துவிட்டு, "ஆகா, கரிகாலன் கட்டியது!" என்று வியந்து திரும்புவோரே பலர். மதகுகளும் பாலமும் வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பின்னும் வந்தவை. பழைய அணை அவற்றின் கீழே கிடக்கிறது. 1,080 அடி நீளம், 66 அடி அகலம், 18 அடி உயரம், நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து போகும் கற்கிடை. ஆழம் காண முடியாத மணல் ஆற்றில் அதை எப்படி நிறுத்தினார்கள்? பெரும்பாறைகளை மணல்மீது போட்டார்கள். பாறை அமிழ்ந்தது. அதன்மேல் இன்னொன்று, அதுவும் அமிழ்ந்தது. இனி அமிழாது என்னும் நிலை வரும்வரை போட்டார்கள். இடையிலே களிமண்ணைப் பூசினார்கள். குருசுக்குப்பத்துக் கரையில் நாம் கண்ட அதே கூத்து! ஆனால் அங்கே மணலைப் புரிந்துகொண்டு கல்லைப் போட்டார்கள். இங்கே மணலை மறித்துவிட்டுப் பிறகு கல்லைத் தேடினோம்.

அணை செய்யும் வேலை என்ன? முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவிலே திருவரங்கம். சிறிது தொலைவு சென்றதும் இரண்டும் மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடமோ பள்ளம், காவிரியோ மேடு. விட்டுவிட்டால் காவிரி நீர் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் சரிந்து கடலுக்கு ஓடிவிடும். தஞ்சை வயல் தவிக்கும். அந்தச் சரிவின் வாயிலேதான் கல்லைக் கிடத்தினார்கள். நீர் குறைந்த நாளில் கல் தடுக்கும். தண்ணீர் தஞ்சைக்குப் போகும். வெள்ளம் வந்தால் கல்லின் தலைக்கு மேலே வழிந்து கொள்ளிடத்துக்குப் போகும். கதவு இல்லை, காவலாள் இல்லை, ஆறு தானே பங்கு பிரித்துக்கொள்ளும்!

ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டியவர். பின்னர் கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டியவர். ஆழமறியா மணலில் அடித்தளம் இடும் வித்தையை இந்த நாட்டு மக்களிடமே கற்றோம் என்று அவரே எழுதிவைத்தார். வெள்ளைக்காரன் ஒப்புக்கொண்ட பிறகுதான் நம்மவரில் சிலர் நம்பினார்கள் என்பது வேறு கதை.

பழைமையிலே எங்களுக்கு இணை இல்லை என்று மார்தட்டவும் வேண்டாம். சீனத்தின் சிச்சுவான் பகுதியில், மின் ஆற்றில், கி.மு. 256-ஐ ஒட்டி லி பிங் என்னும் ஆளுநர் தொடங்கிய துசியாங்யான் நீர்ப்பாசனம் கல்லணைக்கு மூத்தது. அங்கும் ஆற்றை மறிக்கவில்லை. நடு ஆற்றில் மீன் வாய் போன்ற ஒரு கரை. ஒருபுறம் பாசனம், மறுபுறம் வெள்ளம். மூங்கில் கூடைகளில் கல்லை நிரப்பி அடுக்கினார்கள். செங்டு சமவெளி இன்றும் அதில்தான் விளைகிறது. 2008 நிலநடுக்கத்தில் மீன் வாயில் விரிசல் கண்டும் அது வேலையை நிறுத்தவில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது ஒரு சிறு செய்தி. அந்த ஆற்றின் அடியிலே இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்தார்கள். தூர் வாருவோர் அந்த இரும்பு கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும் என்பது விதி. வாரிவிட்டேன் என்று ஒருவர் பட்டியலை நீட்டினால், "இரும்பு தெரிகிறதா?" என்று ஒரே கேள்வி. நம் ஊரில் அப்படிக் கேட்டால் எத்தனை ஒப்பந்தக்காரர்கள் ஊரைவிட்டு ஓடுவார்கள்!

சரி, கல்லைச் சுமந்தவன் யார்? கரிகாலன் காவிரிக்குக் கரை கண்டான் என்று பிற்காலச் செப்பேடுகள் பேசுகின்றன. சுமந்தவன் பெயரைப் பேசும் செப்பேடு ஒன்றும் இல்லை. இலங்கையின் இராசாவலிய நூலிலே ஒரு கதை உண்டு: 12,000 பேரைச் சோழன் சிறைபிடித்துப்போய்க் காவிரியில் வேலை வாங்கினான் என்று. கதையாகவே இருக்கட்டும்; கதை கட்டியவனுக்கும் இந்த வேலையைக் கூலியாள் விரும்பிச் செய்திருப்பான் என்று தோன்றவில்லை, பாருங்கள்! கும்பினி ஆட்சி முடிந்த அதே 1858-இல் வந்தது சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடைந்தால் ஓடிவந்து மண் சுமக்க வேண்டியவர் யார்? உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல் திடமுள்ள ஆண்கள். சட்டமே அப்படித்தான் சொல்லிற்று. நிலம் அவனுடையதன்று, நெல் அவனுடையதன்று, உடைப்பு மட்டும் அவனுடையது!

இனி அந்த இளைஞருக்கு விடை. புதுவை மாநிலத்தின் காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறும் நாட்டாறும் திருமலைராசனாறும் கல்லணையைத் தாண்டிவரும் நீரால் ஓடுபவை. 2018 பிப்ரவரி 16-இல் உச்சநீதிமன்றம் புதுவைக்கு உறுதி செய்த பங்கு 7 டி.எம்.சி. தாளில் 7, மண்ணில் எவ்வளவு என்பதைத் தூர் வாரிய ஆழமும் மதகின் நிலையும் தீர்மானிக்கும். அதே 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் இடிந்து வீழ்ந்தன. மணலை அள்ளியதன் பலன் இது என்று உழவர்கள் குற்றம் சாட்டினார்கள். 2024-இல் வழக்கமான சூன் 12-இல் மேட்டூரைத் திறக்க நீர் இல்லை. சூலை 28-இல் திறந்தார்கள். இரண்டே நாளில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. வெள்ளம் கொள்ளிடத்தில் கடலுக்குப் பாய்ந்தது. குறுவை இழந்தவன் கரையில் நின்று அந்த வெள்ளத்தைப் பார்த்தான்.

வெள்ளத்தைக் கொள்ளிடத்துக்குத் தள்ளிய கல்லணையைக் குறை கூற முடியாது. அதன் வேலையே அது. கேட்க வேண்டியது வாய்க்கால்களின் ஆழத்தை. சீனத்துக்காரன் இரும்பைப் புதைத்தான். நமக்கு ஒரு கருங்கல் போதும். காரைக்காலுக்குள் நுழையும் ஒவ்வோர் ஆற்றிலும் அப்படி ஓர் அடையாளக் கல்லைப் புதைக்கட்டும். தூர் வாரிய கணக்கை, அந்தக் கல் தெரியும் குழிக்குள் நின்று, ஊரார் முன்னிலையில் படிக்கட்டும், ஒவ்வோர் ஆண்டும், சூன் 12-க்கு முன்னதாக.