நாவலுக்கு ஒரு முடிவு, படத்துக்கு வேறொரு முடிவு

ஜான் கிரிஷாமின் ‘தி ஃபர்ம்’ நாவலை 1993-இல் சிட்னி போலாக் படமாக்கினார். மாஃபியா பணத்துக்குக் காவல் நிற்கும் மெம்ஃபிஸ் நகர வக்கீல் நிறுவனம். அதில் வேலைக்குச் சேர்ந்து மாட்டிக்கொள்ளும் இளைஞராக டாம் குரூஸ். இரண்டரை மணி நேரமா என்று சில விமர்சகர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஜீன் ஹேக்மனின் நடிப்பைப் பலரும் மெச்சினார்கள். வாதமெல்லாம் முடிவைப் பற்றித்தான். நாவலில் நாயகன் பெரும் பணத்தோடு தப்பிவிடுகிறான். படத்திலோ, கட்சிக்காரர்களுக்குக் கூடுதலாகத் தீட்டிய பில்களைத் தபாலில் அனுப்பிய மோசடியை வைத்தே நிறுவனத்தை மடக்குகிறான். நம்மைக் கேட்டால், படத்தின் முடிவில்தான் வக்கீல் மூளை தெரிகிறது. இன்னொன்று: காரியதரிசியாகச் சில நிமிடங்களே வந்துபோகும் ஹாலி ஹன்டருக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, டேவ் குருசினின் பியானோ இசைக்கும்தான்.