பத்து மில்லிமீட்டர் முகப்பு விளக்கு

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் பகலெல்லாம் சர்க்யூட் போர்டு பார்த்துவிட்டு அறைக்கு வந்தாலும், கை சால்டரிங் அயனைத்தான் தேடுகிறது. இப்போது மேசையில் 1:18 அளவு மாடல் கார். அசலின் 7 அங்குல வட்ட விளக்கு இதில் 10 மில்லிமீட்டர்தான். ரிச்சி தெருவில் வாங்கிய 0603 எல்இடி அதைவிடப் பொடிசு: 1.6 மில்லிமீட்டர் நீளம், 0.8 அகலம். தும்மினால் போச்சு.

வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் போதும். யுஎஸ்பி தருவது 5. மிச்சத்தை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 220 ஓம் போட்டால் 9 மில்லிஆம்பியர் ஓடும். பலர் அதோடு நிறுத்துவார்கள். எனக்கு அது வெல்டிங் பட்டறை மாதிரி கண்ணைக் கூசும். 1 கிலோ ஓம்தான் என் கணக்கு. பழைய காருக்கு மங்கல் வெளிச்சமே அழகு.

பாடி துத்தநாகக் கலவை, மின்சாரம் பாயும். எல்இடிக்குப் போகும் எனாமல் கம்பியின் பூச்சு எங்காவது உரிந்தால் ஷார்ட். தொடும் இடமெல்லாம் கேப்டான் (Kapton) டேப். இண்டிகேட்டர் மின்ன 555 டைமர் ஐசி. நிஜக் கார்களில் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்ன வேண்டும். நான் 80இல் வைப்பேன்.

பாடியில் மட்டும் துளை போடாதீர்கள். சேகரிப்பவர்களிடம் விலை விழுந்துவிடும். அடித்தட்டுத் திருகு ஓட்டை வழியாகவே வயரை வெளியே எடுக்கலாம்.