பரணில் கிடக்கும் கணினி

உங்கள் வீட்டுப் பரணில் ஒருமுறை ஏறிப் பாருங்கள். பித்தளை அண்டாவுக்கும் சுருட்டி வைத்த கல்யாணப் பாய்க்கும் நடுவே, பழைய துணியில் சுற்றிய மடிக்கணினி ஒன்று கிடக்கக்கூடும். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற பிள்ளைகள் கையில் பெற்று வந்த கணினி அது. உங்கள் மூத்த பிள்ளை அதில் படித்துக் கல்லூரி கண்டு, இன்று வேலைக்கும் போயிருப்பார். கணினியோ, 'ஓடவில்லை' என்ற ஒரே சொல்லோடு பரண் ஏறிவிட்டது.

நாம் வாழும் இந்த ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலைக்கு ஒரு வேடிக்கையுண்டு. 2006இல் இங்கே நோக்கியா ஆலை கைப்பேசி செய்யத் தொடங்கியது; 2014 நவம்பரில் அதன் உற்பத்தி நின்றது. 2007 முதல் டெல் நிறுவனம் இங்கேயே கணினிகளைப் பொருத்தி அனுப்பலாயிற்று. கணினி பிறக்கும் ஊரில், கணினிக்கு நோய் கண்டால் கைந்நாடி பார்க்க ஆள் தேடி அலைய வேண்டியிருப்பது விந்தையன்றோ! ஆலையில் ஒருவர் ஒரு திருகாணியை முடுக்குவார். அடுத்தவர் ஒரு பட்டையைச் செருகுவார். முழு உடலையும் பார்த்தவர் எவருமில்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஷிப்டு முடிந்து பேருந்தில் உறங்கியபடி வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்?

சென்ற ஆண்டு ஓர் அந்தி நேரத்தில், எங்கள் மதரஸாவின் வாசலுக்கு ஒரு தாய் வந்து நின்றார். கணவர் ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் படிக்கிறாள். மூத்த மகன் சவூதியில் இருக்கிறான். "அஜ்ரத், இது செத்துப்போச்சு, புதுசு வாங்குங்கன்னு கடைக்காரர் சொல்லிட்டார். கையில பணமில்ல. தவணைக்குத் தர்றாங்களாம். ஆனா வட்டி போடுறாங்க. அந்தப் பாவத்துல இறங்க எனக்கு மனசில்ல. நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லுங்க" என்றார். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், பொறியாளன் அல்லன். மதரஸாவின் பழைய கணினியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியதில் கற்றதுதான் என் கல்வி. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் செய்யத் தகாததைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த எடுப்பிலேயே 'பார்மட்' செய்யாதீர்கள்! பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை இது. புதிய இயங்குதளம் ஏற்றும் ஆவலில், திரை கேட்ட கேள்விக்கெல்லாம் 'ஆம்', 'ஆம்' என்று அழுத்தினேன். முழு வட்டும் துடைக்கப்பட்டது. என் அத்தா தமது இறுதி நோயின்போது, பாட்டனார் காலத்துக் கதைகளைத் தம் குரலிலேயே எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அது அதில்தான் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. இன்றுவரை அந்தக் குரலை நான் மீண்டும் கேட்கவில்லை.

ஆதலால், விண்டோஸ் எழவில்லை என்பதாலேயே உள்ளிருப்பவை அழிந்துவிட்டன என்று எண்ணற்க. லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை எழுப்பலாம். வட்டில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பழைய படங்களையும் கோப்புகளையும் திறந்து வேறொரு பென் டிரைவுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். ஆனால் வட்டிலிருந்து 'டக், டக்' என்று ஒலி வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அது சாகும் வட்டின் ஒலி. திரும்பத் திரும்ப ஓட்டினால் மிச்சமும் போய்விடும்.

அந்தத் தாயின் கணினியில் இப்படித்தான் பார்த்தோம். மூத்தவனின் பாடக் குறிப்புகளோடு, காலமாகிவிட்ட அவன் பாட்டியார் பெருநாளன்று பேரப்பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் படங்கள் பதினேழு இருந்தன. அந்தத் தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பழுது பார்க்கும் வேலை அன்று அதற்கு மேல் நடக்கவில்லை.

மறுநாள் பின்மூடியைக் கழற்றினோம். மின்கலம் உப்பியிருக்கிறதா என்பதே முதற்பார்வை. உப்பியிருந்தால் அழுத்தாதீர், குத்தாதீர், குப்பையிலும் எறியாதீர்; தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள். இந்தக் கணினியில் உப்பவில்லை. விசிறியிலோ தூசு, பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. சூடு வெளியேற வழியின்றித்தான் பத்து நிமிடத்தில் தானே அணைந்திருக்கிறது! தூரிகையால் துடைத்து, செயலியின் மேல் காய்ந்துபோன பசையை மாற்றினோம். ரேம் பட்டையைக் கழற்றி, பித்தளை நிற முனைகளை மெல்லத் துடைத்து மீண்டும் செருகினோம். 'திரை வரவில்லை' என்னும் நோய்களில் கணிசமானவை இந்த ஒரு செயலிலேயே தீர்வதைக் கண்டிருக்கிறேன்.

இன்னொரு நோய் சிறிது. ஆனால் ஆளை ஏமாற்றும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். இணையத்தைத் திறந்தால் 'பாதுகாப்பற்ற தளம்' என்று எச்சரிக்கும். இணையம் கெட்டுவிட்டது என்றே எண்ணுவோம். இணையதளங்களின் சான்றிதழ்களுக்குக் காலவரை உண்டு. கணினியின் தேதி பிழையானால் அவை செல்லாதவையாகத் தோன்றும். மதர்போர்டிலுள்ள காசு போன்ற 3 வோல்ட் பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. சிஆர்2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

செலவு செய்யத் தகுந்தவை இரண்டே. பழைய வட்டு சுழன்று சுழன்று எழுதுவது; அதை எடுத்துவிட்டு, அசையும் உறுப்பே இல்லாத எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துங்கள். இரண்டரை அங்குல சாட்டா வகையாயின் பெரும்பாலும் அதே இடத்தில் அமர்ந்துவிடும். அடுத்தது ரேம். இந்த வீட்டுக் கணினியில் 2 ஜிபி இருந்தது. மேலும் 4 ஜிபி சேர்த்தோம். டிடிஆர்3 வகைக்கு டிடிஆர்4 பொருந்தாது. ஆதலால் பழைய பட்டையைக் கையோடு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குக. மதர்போர்டே எரிந்துபோயிருந்தால்? விட்டுவிடுங்கள். அதில் பணம் போடுவது கிணற்றில் கல் போடுவதே.

இனி இயங்குதளம். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இந்தப் பழைய கணினிகளில் இல்லை. திருட்டுப் பிரதி ஏற்றித் தருகிறேன் என்பார் கடைக்காரர். வட்டிக்கு அஞ்சிய வீட்டில் அது மட்டும் ஆகுமா? அதற்குத் தேவையும் இல்லை. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் 2007 முதலே உண்டு. அரசு தந்த கணினிகள் பலவற்றில் அதுவும் இருந்தது. நம் பையன்கள்தாம் முதல் வாரத்திலேயே அதை நீக்கினார்கள்! நாங்கள் இலேசான முகப்புடைய லுபுண்டு என்னும் லினக்ஸை ஏற்றினோம். பிளஸ் டூ பாடத்திலுள்ள பைத்தான் மொழிக்கு இது தாராளம்.

பிறகு வீட்டுக்கேற்ப அதை அமைத்தோம். எழுத்துகளைப் பெரிதாக்கினோம், தேவையற்றவை தாமே தொடங்குவதை நிறுத்தினோம், தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவான முறை அது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலதற்குப் புள்ளி தானே விழும். பழைய கோப்புகளில் சில, யூனிகோடு வருமுன் இருந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டவை; திறந்ததும் கிறுக்கலாகத் தெரிந்தன. கெட்டுப்போயின என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துருமாற்றி கொண்டு மாற்றினால் தமிழ் திரும்பிவிடும்.

எல்லாம் முடிந்து அந்தப் பெண்பிள்ளையிடம் கொடுத்தேன். முகப்பில் என்ன படம் வைக்கட்டும் என்று கேட்டேன். பதினேழு படங்களையும் புரட்டிப் பார்த்தாள். தன் பாட்டியார் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடி யாரையோ அதட்டும் படத்தைச் சுட்டினாள். "இதுதான் அஜ்ரத்" என்றாள்.