முகச் சவரம்: தந்தை கற்றுத்தர வேண்டிய பாடம்

நாம் அறிந்த ஓர் இல்லத்தில் ஒரு ஞாயிறு காலை. பதினேழு வயது மகன் குளியலறைக்குள் சென்று நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவு திறந்தபோது அவனுடைய மோவாயில் மூன்று இடங்களில் செய்தித்தாள் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கழுத்து முழுவதும் சிவந்திருந்தது. தந்தையின் பழைய பிளேடை எடுத்து, சோப்பை அவசரமாகத் தேய்த்து, கீழிருந்து மேலாக அழுத்தி இழுத்திருக்கிறான். தாய் பதறினார், தங்கை சிரித்தாள், தந்தையோ, "போகப் போகப் பழகிவிடும்" என்று கூறிவிட்டு நாளிதழில் ஆழ்ந்தார்.

மகள் பருவம் எய்தும்போது அவளை அருகில் அமர்த்தி, அறிய வேண்டியவற்றைச் சொல்லித்தர நம் இல்லங்களில் தாயும் பாட்டியும் இருக்கின்றனர். மகனுக்கு மீசை அரும்பும்போது அவனருகே நிற்பவர் யார்? பெரும்பாலும் எவரும் இல்லை. ஆகவே, தந்தையர் பத்து நிமிடங்களில் கற்றுத்தரக்கூடிய இப்பாடத்தை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இக்கலைக்கென்று நூல் எழுதியவர்களும் உண்டு. பாரிஸ் நகரில் கத்தி செய்யும் தொழிலில் இருந்த ழான் ழாக் பெரே என்பவர், ஒருவர் தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளும் முறையை விளக்கி 1769ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டார். எனினும் சவரக்கத்தியைத் தீட்டவும் ஆளவும் தேர்ந்த கை வேண்டியிருந்தது. அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட், தேய்ந்ததும் எறிந்துவிடக்கூடிய மெல்லிய பிளேடைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் நிலைமை மாறியது. 1903இல் அவரது நிறுவனம் விற்றவை 51 ஷேவிங் செட்டுகளும் 168 பிளேடுகளுமே. அடுத்த ஆண்டிலோ தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட செட்டுகள் விற்றன. கருவி எளிதாயிற்று, ஆனால் கற்பிப்பவர் குறைந்துவிட்டார்.

உரோமத்தின் போக்கை அறிதல்

சவரத்தின் முதற்பாடம் கண்ணாடி முன் அன்று, விரல் நுனியில் தொடங்குகிறது. இரண்டு நாள் வளர்ந்த தாடியின்மீது விரலை எல்லாத் திசைகளிலும் தடவிப் பார்க்க வேண்டும். எந்தத் திசையில் வழவழப்பாகச் செல்கிறதோ அதுவே உரோமம் வளரும் திசை. எதிர்த்திசையில் சொரசொரப்பாக இருக்கும். கன்னத்தில் இது பெரும்பாலும் மேலிருந்து கீழாக அமைகிறது. கழுத்திலோ சிலருக்குப் பக்கவாட்டிலும், சிலருக்குக் கீழிருந்து மேலாகவும், வேறு சிலருக்குச் சுழியாகவும் வளர்கிறது. கழுத்தில் எரிச்சலும் பருக்களும் மிகுதியாகத் தோன்றுவதற்கு இதை அறியாமையே பெரும்பாலும் காரணம்.

சவரம் செய்யச் செய்ய உரோமம் தடித்து வளரும் என்று நம்மில் பலர் இன்றும் நம்புகின்றனர். இது தவறு. மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க அறிவியலாளர் 1928இலேயே இதைச் சோதித்து, சவரத்தால் உரோமத்தின் தடிமனோ வளரும் வேகமோ மாறுவதில்லை என்று காட்டினார். இயற்கையாகக் கூம்பிய நுனி வெட்டப்பட்டு மொட்டையாவதால்தான் புதிய முளை முரடாகத் தோன்றுகிறது.

நீரே முதல் கருவி

உலர்ந்த தாடி உரோமம் கடினமானது. நீரை உறிஞ்சியபின் மென்மையாகிறது. ஆகவே குளித்தபின் சவரம் செய்வது நன்று. இயலாவிடில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு, மூன்று நிமிடங்கள் முகத்தில் ஒற்றி வைக்கலாம். பின்னர் ஷேவிங் சோப்பையோ கிரீமையோ பிரஷில் எடுத்து, வட்டமாகத் தேய்த்து, நுரையை உரோமத்தின் அடிவரை செலுத்த வேண்டும். உரோமம் ஊறுவதற்கும் பிளேடு வழுக்கிச் செல்வதற்கும் நுரை உதவுகிறது, காய்ந்துவிட்டால் பயனில்லை.

உரோமத்தைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமான எஃகு ஏன் விரைவில் மழுங்குகிறது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2020இல் இதற்கு விடை கண்டனர். பிளேடின் விளிம்பு சீராகத் தேய்வது மட்டுமன்று. சில நிலைகளில் உரோமம் பட்டு அதில் நுண்ணிய சில்லுகள் பெயர்ந்துவிடுகின்றன. கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும் பிளேடும் உண்மையில் பல்போன ரம்பமாக இருக்கலாம். உரோமத்தை வெட்டாமல் இழுப்பதாக உணர்ந்தவுடன் பிளேடை மாற்றிவிட வேண்டும். சில காசுகளைச் சேமிக்க முகத்தைப் புண்ணாக்குவது சிக்கனம் ஆகாது.

கையின் பழக்கம்

இரு பக்கமும் கூருள்ள பிளேடு பொருத்திய செட்டைத் தோலோடு ஏறக்குறைய முப்பது பாகைச் சாய்வில் பிடிக்க வேண்டும். அழுத்துதல் கூடாது, கருவியின் எடையே போதுமானது. மறு கையால் தோலை மெல்ல இழுத்துப் பிடித்து, இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அளவான சிறு இழுப்புகளாகச் செல்ல வேண்டும். பிளேடை அவ்வப்போது நீரில் அலசுவது அவசியம்.

முதல் முறை உரோமம் வளரும் திசையிலேயே மழிக்க வேண்டும். பலருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, இதுவே போதும். இன்னும் வழவழப்பு வேண்டுமெனில் மீண்டும் நுரை பூசிக் குறுக்காக மழிக்கலாம். எதிர்த்திசையில் மழிப்பது அடர்ந்த தாடியும் தாங்கும் தோலும் உள்ளவர்களுக்கு மட்டுமே. அதுவும் மூன்றாவது முறையாகவே. சுருண்ட உரோமம் உடையவர்கள் இதை அறவே தவிர்ப்பது நலம். மிக ஆழமாக வெட்டப்பட்ட சுருள் உரோமம் மீண்டும் தோலுக்குள்ளேயே வளைந்து நுழைந்து கொப்புளங்களை உண்டாக்கும். பல பிளேடுகள் கொண்ட செட்டுகள் இத்தகையவர்களுக்குத் தொல்லையை மிகுவிப்பதும் உண்டு.

முடிந்தபின் குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுக்க வேண்டும். சிறு வெட்டுக்குச் சுத்தமான துணியால் சில நிமிடங்கள் அழுத்திப் பிடித்தாலே குருதி நிற்கும், படிகாரமும் உதவும்.

பகிரக் கூடாத பொருள்

குடும்பத்தில் உணவைப் பகிர்வோம், உடையையும் பகிர்வோம். பிளேடை மட்டும் பகிரலாகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி குருதியின் வழியே ஹெப்படைட்டிஸ் பி, சி போன்ற நோய்க்கிருமிகள் பரவக்கூடும். ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்க வல்லது. தந்தை மகனாயினும், அண்ணன் தம்பியாயினும், ஒவ்வொருவருக்கும் தனிச் செட்டு வேண்டும். முடிதிருத்தும் நிலையத்தில் நம் கண்முன் புதிய பிளேடு மாற்றுமாறு கேட்பதில் கூச்சம் வேண்டாம். பலர் முகத்தில் பட்ட படிகாரக் கட்டியையும் மறுத்துவிடலாம். பயன்படுத்திய பிளேடை வெறுமனே குப்பையில் எறிவது, அதை அள்ளும் தொழிலாளியின் கையை வெட்டுவதற்கு ஒப்பாகும். மூடியில் கீறல் இட்ட ஒரு தகரக் குவளையில் சேர்த்து வைப்போம்.

கைகள் மாறும் காலம்

மகனுக்குக் கற்பித்த கைகள் ஒருநாள் நடுங்கத் தொடங்கும். படுக்கையில் கிடக்கும் முதிய தந்தையின் முகத்தில் பத்து நாள் தாடி மண்டியிருப்பதை, நேரமில்லை என்னும் காரணத்தால் நாம் காணாதவர்போல் கடந்து செல்கிறோம். அவரோ வருவோர் முன் தம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். அவரைச் சாய்வாக அமர்த்தி, ஈரத்துணியால் தாடியை ஊறவைத்து, தளர்ந்த தோலை இழுத்துப் பிடித்து, மெல்ல மழித்துவிடலாம். குருதி உறையாதிருக்க மருந்து உண்பவராயின் மருத்துவரைக் கேட்டு, மின்சாரச் சவரக் கருவியைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது. முகம் துடைத்தபின் கண்ணாடியை அவர் கையில் கொடுக்க மறவாதிருப்போம்.

நாம் முதலில் குறிப்பிட்ட தந்தைக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிறு காலை நாளிதழைச் சற்று ஒதுக்கி வையுங்கள். புதிய பிளேடு ஒன்றை எடுத்துக்கொண்டு, மகனைக் கண்ணாடி முன் அழைத்து நிறுத்துங்கள். நாளை உங்கள் முகத்தைத் தொடப்போவது அவன் கைகளே.