பொட்டலத்தில் வந்த மிட்டாய்
"முழங்கால் நோவுக்கு இது நல்லதாம், தம்பி. உண்மையோ?" ஸ்காபரோவில் என் மருந்துக்கடைக்கு வந்த ஐயா நீட்டியது கஞ்சா மிட்டாய்.

கனடாவில் 2018 அக்டோபரில் கஞ்சா சட்டபூர்வமானது. தின்பண்டங்களுக்கு அடுத்த ஆண்டு அனுமதி. ஒரு பொட்டலத்தில் போதை தரும் டிஎச்சி 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. புதிதாகத் தொடங்கும் முதியவருக்கு அதுவே அதிகம். புகைத்தால் சில நிமிடங்களில் போதை ஏறிவிடும். தின்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னொன்றை வாயில் போடுகிறவர்கள்தான் தலைசுற்றி விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் முழங்கால் நோ யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வலிக்கு ஓரளவு கேட்கும், மறுக்கவில்லை. ஆனால் ஐயா இரத்தம் உறையாமலிருக்க வார்பரின் மாத்திரை எடுப்பவர். கஞ்சா சேர்ந்தால் அந்த மாத்திரையின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரலாம்.

"மகளிட்டச் சொல்லிப்போடாத."

"டொக்டரிட்ட நீங்களே சொல்லுங்கோ, ஐயா. அதுவரைக்கும் பொட்டலத்தைத் திறக்காதேங்கோ."